விகாரைக்கு முதல்முறை போகிறீர்களா? தேங்காயை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

நான் முதல்முறை புத்த விகாரைக்குப் போனபோது கையில் அர்ச்சனைத் தட்டு வைத்திருந்தேன். தேங்காய், இரண்டு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், மேலே ஒரு முழம் மல்லி. அன்று வைகாசிப் பௌர்ணமி. கூட அம்மாவும் வந்திருந்தார். புத்தர் சிலை முன்னால் போய் நின்று, தட்டை யாரிடம் கொடுப்பது என்று இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வாங்க ஆளில்லை. ஓரமாக உட்கார்ந்திருந்த பிக்குவிடம் அம்மா தட்டை நீட்டி, "சாமி, மகம் நட்சத்திரம், சிம்ம ராசி" என்றார். பிக்கு சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது அப்புறம்தான் புரிந்தது. பூ அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் வந்து, "இங்க அர்ச்சனை கிடையாதும்மா. பூவை மட்டும் நீங்களே வெச்சுடுங்க. தேங்காயை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் சட்னி அரைங்க" என்றார். அப்படியே செய்தோம்.

சென்னையில் விகாரைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போலத்தான் போகிறோம். செருப்பைக் கழற்றுவது, கை கூப்புவது, வலம் வருவது எல்லாம் பிறந்ததிலிருந்து பழக்கம். அந்தக் கோயில் பழக்கம் விகாரையில் பாதி தூரம் கைகொடுக்கும், மீதி தூரம் காலை வாரிவிடும். எங்கே வாரிவிடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே போவது

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, லாட்ஜுகள் நெருக்கியடித்து நிற்கும் கென்னட் லேனில் இலங்கை மகாபோதி மையம் இருக்கிறது. மகாபோதி சங்கத்தை 1891-இல் தொடங்கியவர் இலங்கையின் அநகாரிக தர்மபாலர். புத்தகயைக்கு யாத்திரை போகிற இலங்கைக்காரர்கள் சென்னை வழியாக வரும்போது இங்கே தங்கிப் போவார்கள். வெள்ளை உடுத்திய பாட்டிமார் சூட்கேசோடு நின்றால் அவர்கள்தான். வாசலில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தாலும் திடுக்கிட வேண்டாம். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் சொல்லிவிட்டு உள்ளே போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஈழத்தில் நடந்தது நம் எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஆனால் அந்த வழக்கை கயைக்குப் புறப்பட்டு நிற்கும் ஒரு பாட்டியிடமோ, பத்தொன்பது வயதுச் சாமணேரரிடமோ (இன்னும் முழு பிக்கு ஆகாத இளந்துறவி) நடத்துவது சரியில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேறு இடங்கள் உண்டு.

இரண்டாவது வகை, நம் ஊர்ப் பௌத்தர்களின் விகாரைகள். சென்னைக்குப் பௌத்தம் இலங்கையிலிருந்து மட்டும் வந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கை போய்ப் பஞ்சசீலம் (பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகள்) ஏற்று வந்து, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். பெரம்பூர்ப் பக்கம் அந்த மரபின் தொடர்ச்சி இன்றும் இருக்கிறது. அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றதற்குப் பிறகு அந்த வழியில் வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட விகாரைகளில் புத்தர் பக்கத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் படம் இருக்கும். "ஜெய் பீம்" என்றோ "நமோ புத்தாய" என்றோ வணங்குவார்கள், நீங்களும் அதையே திருப்பிச் சொல்லலாம். அங்கே போய் ஜாதகம், பரிகாரம், தோஷம் என்று பேச்செடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், "சொந்த ஊர் எது, நீங்க என்ன ஆளுங்க?" என்ற நம் வழக்கமான தூண்டில். காலை நீட்டி உட்கார்ந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். எந்தக் கேள்வியை உதறிவிட்டு இந்த வழிக்கு வந்தார்களோ, அதையே வாசலில் நின்று கேட்பதை மன்னிப்பது கஷ்டம்.

அடையாறு பிரம்மஞான சபை வளாகத்துக்குள்ளும் ஒரு சிறிய புத்தர் ஆலயம் உண்டு. அது ஒரு தோட்டத்து அமைதி. கூட்டமாகப் போகிற இடமில்லை, பார்வையாளர் நேரமும் குறைவு, விசாரித்துக்கொண்டு போங்கள். திருமுடிவாக்கத்தில் இருக்கும் தம்ம சேது விபாசனா மையத்தை விகாரை என்று நினைத்துச் சிலர் சும்மா பார்க்கப் போகிறார்கள். அது பத்து நாள் பேசாமல் தியானம் பழகும் இடம். முன்பதிவு செய்துகொண்டுதான் போக வேண்டும்.

கிளம்புவதற்கு முன்

முதலில் ஒரு போன் போட்டு, எப்போது திறந்திருக்கும், பூஜை எப்போது என்று கேளுங்கள். சிறிய விகாரைகளில் ஒரே ஒரு பிக்கு இருப்பார், அவரும் வெளியூர் போயிருந்தால் கதவு பூட்டியிருக்கும். கோயில் போல ஆறு கால பூஜையை எதிர்பார்க்க முடியாது.

உடை எளிது: தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். ஆண்களுக்கு வேட்டி சட்டை அருமை. தரையில் உட்காரப் போகிறீர்கள், இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம். பௌர்ணமி அன்று வெள்ளை உடுத்துவது வழக்கம். இதைச் சொன்னதும் அம்மா, "உங்கப்பா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் ஏன்டி வெள்ளைப் புடவை கட்டணும்?" என்று முறைத்தார். நியாயமான கேள்விதான். அங்கே வெள்ளை துக்கத்தின் நிறமில்லை. கல்யாணமான பெண்கள், சின்னப் பெண்கள் எல்லோரும் வெள்ளையில்தான் வருவார்கள். ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை. சந்தன நிறம், வெளிர் மஞ்சள் போதும். அம்மா கடைசியில் கிரீம் கலரில் அரக்குக் கரை போட்ட புடவை கட்டிக்கொண்டார், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. புத்தர் முகம் அச்சடித்த டீ-சர்ட், பச்சை குத்திய புத்தர் உருவம் இரண்டும் மூடியிருக்கட்டும். இலங்கையில் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணியை 2014-இல் நாட்டைவிட்டே அனுப்பினார்கள். சென்னையில் அந்த அளவுக்குப் போகாதுதான், ஆனாலும் அங்கிருந்து வந்திருப்பவர்களுக்கு மனது சங்கடப்படும்.

வைகாசிப் பௌர்ணமி பெரும்பாலும் கத்திரி வெயிலில் வரும். அரசமரத்தைச் சுற்றி வெறுங்காலோடு நடக்கும் இடம் மத்தியானத்தில் தோசைக்கல். காலை எட்டுக்கு முன்னால், இல்லையென்றால் சூரியன் சாய்ந்த பிறகு போங்கள்.

வாங்கிப் போக வேண்டியது: உதிரிப்பூ. முழம் கணக்கில் கட்டிய சரம் வேண்டாம். சிலை முன்னால் இருக்கும் மேடையில் பூக்களை ஒவ்வொன்றாக, முகம் மேலே பார்க்க அடுக்குவார்கள், சரத்தை அங்கே பிரித்துக்கொண்டிருக்க முடியாது. தாமரை கிடைத்தால் நல்லது, மல்லியும் ஓகே. கூடவே ஊதுபத்தி, விளக்குக்குத் தேங்காய் எண்ணெய். கற்பூரம் வேண்டாம்.

உள்ளே போனதும்

செருப்பு, தொப்பி இரண்டையும் கழற்றுங்கள். தொப்பியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். போனை ஊமையாக்குங்கள். அப்புறம் ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று கண்ணுக்குப் பிடிபடும். மணி அடித்துக்கொண்டு நுழையும் கோயில் வேகத்தை இங்கே வாசலிலேயே இறக்கி வைக்க வேண்டும்.

பூவை முகர்ந்து பார்க்காமல் வைப்பது நமக்கும் தெரிந்த பழக்கம். குடும்பமாகப் போனால் பூத்தட்டை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாற்றி, எல்லோரும் தொட்ட பிறகு வைப்பார்கள். பூவைத் திருப்பித் தர மாட்டார்கள், கேட்கவும் கூடாது. பூ வைக்கும்போது சொல்லும் பாலி வரியின் பொருள், இந்தப் பூ வாடுவது போல என் உடம்பும் வாடி அழிவை நோக்கிப் போகிறது என்பது. பிரசாதப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிற நமக்கு இது கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். எனக்கு ஒவ்வொரு தடவையும் போடுகிறது.

கும்பிடும் முறை: மண்டியிட்டு, இரண்டு முட்டி, இரண்டு கை, நெற்றி ஆகிய ஐந்தும் தரையில் பட மூன்று முறை. புத்தருக்கு ஒன்று, தம்மத்துக்கு (அவர் போதனை) ஒன்று, சங்கத்துக்கு (துறவிகள் கூட்டம்) ஒன்று. ஆண்கள் நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டியதில்லை, இடமும் இருக்காது. முட்டி வலிக்காரர்கள் நின்றபடி கை கூப்பினால் போதும். பௌத்தர் அல்லாதவர் விழுந்து கும்பிட வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம்பிக்கை இல்லையென்றால் அமைதியாக நின்றுவிட்டு வரலாம்.

உட்காரும்போது கால் புத்தரைப் பார்த்து நீளக் கூடாது, பிக்குவைப் பார்த்தும் கூடாது. சம்மணம் போடுங்கள், கால் மரத்துப்போனால் பக்கவாட்டில் மடக்கிக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. ஓரத்தில் வெள்ளைத் துணி விரித்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது, போய் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சட்னி அக்கா மறுபடி ஓடிவந்து, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, "இதுல உக்காருங்கம்மா, காத்து வரும்" என்றார். காற்றுக்காக இல்லை. வெள்ளைத் துணி விரித்த இருக்கை பிக்குவுக்கு உரியது. அதைச் சொல்லிக்காட்டாமல் அம்மாவை நகர்த்திய விதத்தில் நான் கற்றுக்கொண்டது நிறைய.

பூஜையில் முதலில் "நமோ தஸ்ஸ பகவதோ அரஹதோ சம்மா சம்புத்தஸ்ஸ" என்று மூன்று முறை. அப்புறம் "புத்தம் சரணம் கச்சாமி, தம்மம் சரணம் கச்சாமி, சங்கம் சரணம் கச்சாமி". இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "துதியம்பி", மூன்றாம் சுற்றில் "ததியம்பி". அடுத்து பஞ்சசீலம்: கொல்லாமை, திருடாமை, தவறான காமம் தவிர்த்தல், பொய் சொல்லாமை, மது அருந்தாமை. பிக்கு ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சொல்லத் தெரியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கேட்கலாம். சொல்கிறவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம், அதனால் தெரிந்து சொல்லுங்கள். நல்லது ஒன்று முடியும்போது எல்லோரும் "சாது, சாது, சாது" என்பார்கள். அது எந்தச் சாமியாரையும் கூப்பிடுவது இல்லை, நன்று நன்று என்று பொருள்.

பிறகு அரசமரம், தூபி இருந்தால் தூபி. வலம் நம் வழக்கம்போல வலப்பக்கமாகவே, மூன்று சுற்று. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்ற பழமொழியை நினைத்து யாரும் சிரிக்காமல் இருந்தால் சரி. மரத்தில் மஞ்சள் கயிறு, தொட்டில் கட்டாதீர்கள். இலங்கை வழக்கத்தில் வேருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், குடம் வைத்திருந்தால் நீங்களும் ஊற்றலாம். கீழே விழுந்த இலையை எடுத்துக்கொள்ளலாம், கிளையிலிருந்து பறிக்கக் கூடாது.

வளாகத்தில் பறக்கும் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சுக் கொடியைப் பார்த்து எந்த நாட்டுக் கொடி என்று கேட்பவர்கள் உண்டு. அது பௌத்தக் கொடி. 1885-இல் கொழும்பில் உருவானது. அதன் நீள அகலத்தை இன்றைய அளவுக்குத் திருத்தச் சொன்னவர் அடையாறில் வாழ்ந்த அதே ஆல்காட்.

பிக்குவிடம் எப்படிப் பழகுவது

"பந்தே" என்று கூப்பிடுங்கள். வயதானவர்கள் "சாமி" என்றாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நீங்கள் கும்பிட்டால் அவர் திருப்பிக் கும்பிட மாட்டார். "சுகி ஹோது", அதாவது சுகமாக இருங்கள் என்று சொல்லலாம், வெறுமே தலை அசைக்கவும் செய்யலாம். முதல்முறை இது நமக்குச் சுருக்கென்று இருக்கும், "வணக்கம் சொன்னா பதிலுக்கு ஒரு கும்பிடுகூட இல்லையே" என்று. துறவி இல்லறத்தாரைத் திருப்பி வணங்குவதில்லை என்பது சங்கத்தின் முறை, அவ்வளவுதான்.

பெண்கள் பிக்குவைத் தொடக் கூடாது, கை குலுக்கவும் கூடாது, பக்கத்தில் ஒட்டி உட்காரவும் கூடாது. ஏதாவது கொடுப்பதானால் மேசையில் வையுங்கள், அல்லது தட்டில் வைத்து இரண்டு கையாலும் நீட்டுங்கள். பிரித் (காப்புக்காக ஓதும் பாலிப் பாடல்கள்) ஓதி முடித்து வெள்ளை நூல் கட்டும்போது கையை நீட்டினால், விரல் படாமல் கட்டிவிடுவார்.

இப்போது சென்னைக்கே உரிய ஒரு வியாதியைப் பற்றி: பொன்னாடை. பெரியவர் யாரையாவது பார்த்தால் சால்வையைப் போர்த்தி, மாலை போட்டு, போட்டோ எடுக்காமல் நமக்குக் கை நிற்காது. பிக்குவுக்கு அதைச் செய்யாதீர்கள். மாலையும் நறுமணமும் அலங்காரமும் அவர் விட்டுவிட்டு வந்த விஷயங்கள். ஜரிகை சால்வையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார், சொல்லுங்கள். அந்தக் காசில் சோப்பு, பற்பசை, வெள்ளைத் துண்டு, காய்ச்சல் மாத்திரை, கொசுவத்தி வாங்கிக் கொடுத்தால் உபயோகப்படும்.

பணத்தைப் பிக்கு கையில் திணிக்காதீர்கள். விநயம் என்ற துறவிகளின் ஒழுங்குவிதிப்படி அவர்கள் பணத்தைக் கையாளக் கூடாது. உண்டியலில் போடுங்கள், அல்லது பொறுப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். எவ்வளவு என்ற கணக்கு கிடையாது, சிறப்பு தரிசன வரிசையும் கிடையாது.

சாப்பாடு: நேரம்தான் எல்லாம்

பலர் சறுக்குவது இங்கேதான். தேரவாத (இலங்கையில் வழங்கும் பௌத்த மரபு) பிக்குகள் நடுப்பகலுக்குப் பிறகு மறுநாள் விடியும்வரை சாப்பிடுவதில்லை. நடுப்பகல் என்றால் நடுப்பகல்தான். நான் ஒருமுறை தானம் கொடுக்கிறேன் என்று ஆர்வமாகச் சொல்லிவிட்டு, எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு பொரியல், தயிர் சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு, மவுண்ட் ரோடு சிக்னலில் மாட்டி, பன்னிரண்டு இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். பிக்கு பாத்திரங்களைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லை, இங்கே வேலை செய்பவர்கள் சாப்பிடுவார்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். அன்று மத்தியான உணவுக்கு என்னை நம்பியிருந்திருக்கிறார். அவர் முகம் கோணவே இல்லை, அதுதான் என்னை இன்னும் வதைத்தது.

அதனால் தானம் கொடுப்பதானால் சில நாள் முன்பே சொல்லி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் என்று கேளுங்கள். பத்தரைக்கு அங்கே இருங்கள், பதினொன்றுக்குள் பரிமாற வேண்டியிருக்கும். சைவ உணவு எப்போதும் பாதுகாப்பு. தங்களுக்கென்று கொல்லப்படாத இறைச்சியைத் தேரவாத பிக்குகள் ஏற்கலாம் என்பது விதி, அதனால் யாராவது மீன் கொண்டுவந்திருந்தால் அதிர்ச்சி அடைந்து விவாதம் தொடங்க வேண்டாம். முதலில் ஒரு சிறு பங்கு புத்தர் முன்னால் வைக்கப்படும், அப்புறம் பிக்குகள், அவர்கள் முடித்த பிறகு நாம். ருசி பார்த்துவிட்டுக் கொண்டுபோகாதீர்கள், உப்பு கூடக் குறைய இருந்தாலும் பாதகமில்லை.

மாலையில் ஏதாவது கொடுக்க ஆசையென்றால் பால் சேர்க்காத டீ, வடிகட்டிய பழரசம். ஃபில்டர் காபி நம் அன்புக்கு அடையாளம்தான், ஆனால் அதில் பால் இருக்கிறதே.

பௌர்ணமி அன்று வெள்ளை உடுத்திய சிலர் எட்டுச் சீலம் எடுத்திருப்பார்கள். அவர்களும் அன்று மத்தியானத்துக்கு மேல் சாப்பிட மாட்டார்கள், பூ வைத்துக்கொள்ள மாட்டார்கள், நகை போட மாட்டார்கள். பாவம் பாட்டி பசியோடு உட்கார்ந்திருக்கிறாரே என்று நான்கு மணிக்கு மெதுவடையை நீட்டாதீர்கள்.

ஆடிப் பௌர்ணமியை ஒட்டி ஜூலையில் வஸ் காலம் தொடங்கும். மழைக்காலத்தில் பிக்குகள் மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்கும் வழக்கம் அது. அக்டோபர் பௌர்ணமியோடு முடிந்து, அடுத்த ஒரு மாதத்துக்குள் கடினம் என்ற சீவர (துறவாடை) தானம் நடக்கும். வடநாட்டு மழையைக் கணக்கு வைத்து எழுந்த வழக்கம் என்பதால், அவர்களுக்கு மழைக்காலம் முடியும்போது சென்னையில் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை இறங்கும். கடினத்துக்குப் போகிறவர்கள் குடை எடுத்துக்கொண்டு போங்கள்.

போட்டோ

கேட்டுவிட்டு எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம், தியானத்தில் இருப்பவர்களை எடுக்க வேண்டாம். புத்தருக்கு முதுகு காட்டி நின்று செல்ஃபி எடுப்பதுதான் பெரிய குற்றமாகத் தெரியும். சிலையோடு படம் வேண்டும் என்றால் பக்கவாட்டில், சிலையைப் பார்த்தபடி கை கூப்பி நிற்கையில் வேறொருவர் எடுக்கட்டும். சிலை மாதிரியே முத்திரை பிடித்து உட்கார்ந்து ரீல்ஸ் எடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தச் சட்னி அக்கா பார்த்துக்கொள்வார்.

வெளியே வரும்போது இரண்டு மூன்று அடி பின்னால் நடந்துவிட்டுத் திரும்புங்கள். திருநீறு, குங்குமம், தீர்த்தம் எதுவும் கிடையாது. "ஒண்ணுமே தரலையேடி" என்று அம்மா வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார். கையில் கட்டிய வெள்ளை நூலைக் காட்டினேன். "அது சரி" என்றார்.

எழும்பூருக்குப் போனவர்கள் நேரம் இருந்தால் அப்படியே பாந்தியன் சாலை அரசு அருங்காட்சியகத்துக்கும் ஓர் எட்டு போய்விட்டு வாருங்கள். அமராவதிச் சிற்பங்களும் நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத் திருமேனிகளும் அங்கே இருக்கின்றன. செருப்போடு போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை.